சொன்னதும் கேட்டதும்

மேலாளரின் வேலைநாள் பெரும்பாலும் பேச்சில் கரைகிறது. கனடிய ஆய்வாளர் ஹென்றி மின்ட்ஸ்பெர்க் ஐந்து நிறுவனங்களின் தலைமை நிர்வாகிகளுடன் ஆளுக்கு ஒரு வாரம் கூடவே இருந்து, அவர்கள் செய்ததையெல்லாம் குறித்துக்கொண்டார். 1973-இல் அது நூலாக வந்தது. கூட்டம், தொலைபேசி, நேர்ப்பேச்சு என்று வேலைநேரத்தில் 78 விழுக்காடு வாய்மொழியிலேயே போயிருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு தனியே திட்டம் தீட்டும் அதிகாரியை அவர் பார்க்கவே இல்லை.

பேச்சுத்திறன் என்றதும் தமிழ் வாசகருக்கு மேடை நினைவுக்கு வரும்: ஒலிபெருக்கி, அடுக்குமொழி, கைதட்டல். அலுவலகத்தில் அந்த அளவுகோல் உதவாது. அங்கே பேசப்படுவது பெரும்பாலும் ஒரு முடிவுக்காக. பணம் ஒதுக்கலாமா, பொருளை அனுப்பலாமா, வேலையை நிறுத்தலாமா என்று யாரோ ஒருவர் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. பேச்சு எவ்வளவு அழகாக இருந்தாலும், அந்த ஒருவருக்கு வேண்டியது போய்ச் சேராவிட்டால் பேச்சு தோற்றதாகவே கொள்ள வேண்டும். இந்தத் தோல்வி எப்படி நேர்கிறது என்பதை உளவியலாளர்களும் விபத்து ஆய்வாளர்களும் அரை நூற்றாண்டுக்கு மேலாக ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்கள் மிகுதியாக அலசிய கூட்டங்களில் ஒன்று 1986 ஜனவரி 27 இரவு நடந்தது.

பதின்மூன்று தாள்கள்

மறுநாள் காலை சேலஞ்சர் விண்ணோடம் புளோரிடாவிலிருந்து புறப்பட வேண்டும். அதன் பக்கவாட்டு ராக்கெட்டுகளைச் செய்தது யூட்டா மாநிலத்தின் மார்ட்டன் தையோகால் நிறுவனம். ராக்கெட்டின் பாகங்கள் சேரும் இடங்களில் சூடான வாயு கசியாமல் தடுக்க ரப்பர் வளையங்கள் இருந்தன. குளிரில் ரப்பர் விறைத்துப்போகும். இடைவெளியை அடைக்கும் வேகத்தில் விரியாது. அன்றிரவு உறைபனி விழும் என்று வானிலை முன்னறிவிப்பு வந்தது. ரோஜர் பாய்ஜோலி, ஆர்னி தாம்சன் உள்ளிட்ட தையோகால் பொறியாளர்கள் சில மணிநேரத்தில் 13 தாள்களைத் தயாரித்து நாசாவின் இரண்டு மையங்களுக்குத் தொலைநகலில் அனுப்பினார்கள். தொலைபேசியில் மூன்று ஊர்களை இணைத்துக் கூட்டம் தொடங்கியது. சுமார் 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்பது அவர்கள் பரிந்துரை.

நாசா மேலாளர்கள் எதிர்ப்புக் காட்டினார்கள். தையோகால் தரப்பு தனியே கலந்து பேச ஐந்து நிமிடம் கேட்டது. அது அரை மணிநேரம் நீண்டது. பொறியாளர்கள் ஒதுங்க, மேலாளர்கள் நால்வர் முடிவெடுத்தார்கள். திரும்பி வந்தபோது பரிந்துரை தலைகீழாகியிருந்தது. மறுநாள் காலை 11.38-க்கு, சுமார் 2 டிகிரி குளிரில் ஓடம் கிளம்பியது. 73-ஆவது விநாடியில் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள்.

பொறியாளர்கள் சொன்னது சரி. ஆனால் அவர்களுடைய தாள்கள் அதைச் சொல்லவில்லை. வளையங்கள் சேதமான பயணங்களின் அட்டவணையில் வெப்பநிலை இல்லை. வெப்பநிலை இருந்த தாளில் எல்லாப் பயணங்களும் இல்லை. கசிவு நேர்ந்த இரண்டு பயணங்கள் முன்னால் நின்றன. ஒன்று அதுவரை ஏவியதிலேயே மிகக் குளிரான நாள், மற்றொன்று சுமார் 24 டிகிரி வெயில் நாள். அந்த இரண்டை மட்டும் பார்ப்பவர், குளிருக்கும் கசிவுக்கும் தொடர்பில்லை என்றுதான் முடிவுக்கு வருவார். சேதமில்லாத பயணங்களையும் சேர்த்திருந்தால் படம் மாறியிருக்கும். விபத்தை விசாரித்த ரோஜர்ஸ் ஆணையம் அதைச் செய்து காட்டியது: சுமார் 18 டிகிரிக்கு மேல் நடந்த 20 பயணங்களில் மூன்றில்தான் சிக்கல்; அதற்குக் கீழே நடந்த நான்கிலும் சிக்கல்.

புள்ளிவிவர வரைபடத் துறையின் பெரிய பெயரான எட்வர்ட் டஃப்டி 1997-இல் எழுதிய நூலில், ஒழுங்கான ஒரு வரைபடம் ஏழு உயிர்களைக் காத்திருக்கும் என்ற தொனியில் வாதிட்டார். பாய்ஜோலியும் சிலரும் 2002-இல் அதற்குக் காரமாக மறுப்பு எழுதினார்கள். அந்தத் தரவுகள் எல்லாம் அன்றிரவு தங்கள் கையில் இல்லை என்றும், காற்றின் வெப்பத்தையும் வளையத்தின் வெப்பத்தையும் டஃப்டி ஒன்றாகக் குழப்பிவிட்டார் என்றும் அவர்கள் காட்டினார்கள். மறுப்பில் நியாயம் இருக்கிறது. நடந்து முடிந்ததை அறிந்தவருக்கு வரைபடம் வரைவது எளிது. தவிர, வழக்கமாக ஏவுவது பாதுகாப்பானது என்று நிரூபிக்கச் சொல்பவர்கள், அன்று பாதுகாப்பற்றது என்று நிரூபிக்கச் சொன்னார்கள் என்பது பாய்ஜோலியின் சாட்சியம். கேள்வியே புரண்டுவிட்ட கூட்டத்தில் நல்ல வரைபடமும் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்பது சந்தேகம்தான். இருந்தாலும், கேட்பவர் ஒரே பார்வையில் பார்க்க வேண்டிய இரண்டு செய்திகள் வெவ்வேறு தாள்களில் கிடந்தன என்பதை யாரும் மறுக்கவில்லை.

விபத்துக்கு அடுத்த மாதம், 1986 பிப்ரவரி 11-இல், ரோஜர்ஸ் ஆணையத்தின் உறுப்பினரான இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் தொலைக்காட்சிக் கேமராக்களின் முன்னால் அந்த ரப்பர்த் துண்டு ஒன்றைச் சிறு இடுக்கியில் நெரித்து, ஐஸ் தண்ணீர்க் குவளையில் போட்டார். எடுத்து இடுக்கியைத் தளர்த்தியபோது ரப்பர் உடனே பழைய வடிவுக்கு வரவில்லை. பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

கேட்பவர் மனதில் எவ்வளவு இடம்

ஃபைன்மனின் குவளை ஏன் வேலை செய்தது, 13 தாள்கள் ஏன் வேலை செய்யவில்லை என்பதற்கான விடையின் ஒரு பகுதி, மனித நினைவின் அமைப்பில் இருக்கிறது. கேட்பது நேராக நீண்டகால நினைவுக்குப் போவதில்லை. முதலில் செயல்நினைவு என்ற சிறிய மேசையில் வைக்கப்படுகிறது. அந்த மேசையில் ஏறக்குறைய ஏழு பொருள்கள் கொள்ளும் என்று ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதினார். 2001-இல் நெல்சன் கோவன் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, உண்மையான அளவு நான்கு அளவில்தான் என்றார்.

பொருள் என்பது இங்கே ஒரு துண்டு. 1, 9, 4, 7 என்ற நான்கு இலக்கங்கள் இந்தியருக்கு ஒரே துண்டு; அந்த ஆண்டின் பொருள் தெரியாதவருக்கு நான்கு துண்டுகள். பல ஆண்டு அனுபவமுள்ளவர் தன் துறையின் விவரங்களைப் பெரிய பெரிய துண்டுகளாக வைத்திருக்கிறார். புதியவர் கையில் இருப்பது சில்லறை. பேசுகிறவருக்கு மூன்றே செய்தியாகத் தெரிவது கேட்பவருக்கு இருபதாக வந்து விழுகிறது. மேசை நிரம்பியபின் வருவது கீழே உருண்டுவிடும், எது உருண்டது என்பது கேட்பவருக்கே தெரியாது. ஆஸ்திரேலியாவின் ஜான் ஸ்வெல்லர் 1988-இல் தொடங்கி வளர்த்த அறிதல்சுமைக் கோட்பாடு இதை மையமாகக் கொண்டது.

கண்ணுக்கும் காதுக்கும் தனித்தனி வழிகள் உண்டு. ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டே அதைப் பற்றிய பேச்சைக் கேட்பது எளிது. எழுத்தைப் படித்துக்கொண்டே பேச்சைக் கேட்பது அப்படியல்ல. இரண்டும் மொழி, ஒரே வாசலில் முட்டுகின்றன. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் மேயர் இதைப் பல சோதனைகளில் காட்டினார்: படத்தோடு விளக்கத்தைக் குரலில் மட்டும் கேட்டவர்கள், அதே விளக்கத்தைக் குரலிலும் திரையெழுத்திலும் சேர்த்துப் பெற்றவர்களைவிட நன்றாகக் கற்றார்கள். திரையில் இருப்பதை அப்படியே வாய்விட்டுப் படிக்கும் வழக்கம், இந்த வகையில் பார்த்தால், கேட்பவரைத் தொந்தரவு செய்வதற்கென்றே கண்டுபிடித்தது போல இருக்கிறது.

வரிசையும் முக்கியம். சொற்பட்டியலைக் கேட்டு நினைவிலிருந்து சொல்லும் சோதனைகளில் தொடக்கத்தில் வந்தவையும் கடைசியில் வந்தவையும் நிற்கின்றன, நடுவில் வந்தவை நழுவுகின்றன. 1962-இல் பென்னட் மர்டாக் இதை வரைபடமாகத் தந்தார். பள்ளிக் கட்டுரை பழக்கிய முறை இதற்கு எதிரானது. முன்னுரை, பின்னணி, விவரம் எல்லாம் கடந்து கடைசியில் முடிவு வரும். கூட்டத்தில் அந்தக் கடைசி வருவதற்குள் தலைவரின் தொலைபேசி அடித்திருக்கும்.

மருத்துவமனைகள் இதற்கு ஒரு வடிவம் கண்டிருக்கின்றன. அமெரிக்கக் கடற்படையின் அணுநீர்மூழ்கிகளில் இருந்த வழக்கத்தை ஒட்டி, 2000-களின் தொடக்கத்தில் கைசர் பெர்மனென்ட்டி மருத்துவமனைகள் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. பின்னர் பல நாடுகளுக்குப் பரவியது. நான்கு படிகள்: இப்போது என்ன நடக்கிறது, இதற்கு முன் என்ன, என்னவாக இருக்கும் என்று தோன்றுகிறது, என்ன செய்ய வேண்டும். இரவு இரண்டு மணிக்குச் செவிலியர் டாக்டரை எழுப்பிப் பேசுவதாக வைத்துக்கொண்டால் இப்படி இருக்கும்: "டாக்டர், 12-ஆம் பெட் பேஷன்ட்டுக்கு மூச்சு வாங்குது. முந்தாநாள் வயித்துல ஆபரேஷன் ஆனவங்க. நுரையீரல்ல ரத்தக்கட்டி அடைச்சிருக்குமோன்னு தோணுது. நீங்க உடனே வந்து பார்க்கணும்." பத்து விநாடி. மூன்றாவதும் நான்காவதும் செவிலியர்கள் சொல்லத் தயங்கிவந்தவை. நோயைக் கணிப்பதும் டாக்டரை வரச்சொல்வதும் தங்கள் வேலையல்ல என்று பழக்கப்பட்டவர்கள். அந்த இரண்டையும் சொல்வதற்கு உரிமை தருவதுதான் இந்த வடிவத்தின் உண்மையான பயன்.

மேசையில் தட்டிய பாட்டு

தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லும்போது ஒரு விசித்திரமான குருட்டுத்தன்மை உண்டாகிறது. 1990-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் தன் முனைவர் பட்டத்துக்காகச் செய்த சோதனை இது. ஒருவர் எல்லாருக்கும் தெரிந்த பாட்டொன்றின் தாளத்தை மேசையில் விரலால் தட்ட வேண்டும். எதிரில் இருப்பவர் பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். தட்டியவர்கள், பாதிப் பாட்டுகளாவது கண்டுபிடிக்கப்படும் என்று மதிப்பிட்டார்கள். தட்டப்பட்ட 120 பாட்டுகளில் கண்டுபிடிக்கப்பட்டவை மூன்று.

தட்டுகிறவரின் தலைக்குள் மெட்டு, சொல், பாடகரின் குரல், பின்னணி வயலின் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கின்றன. வெளியே வருவது டக் டக் என்ற ஓசை மட்டும். தலைக்குள் ஓடும் பாட்டை நிறுத்திவிட்டு அந்த ஓசையை மட்டும் கேட்க அவரால் முடியாது. உளவியலாளர்கள் இதை அறிவின் சாபம் என்கிறார்கள். வீட்டில் யாரையாவது உட்காரவைத்து ஒரு பழைய திரைப்பாட்டைத் தட்டிப் பார்க்கலாம். இரண்டு நிமிடத்தில் எரிச்சல் வந்துவிடும், எதிரில் இருப்பவர் வேண்டுமென்றே தடுமாறுவது போலத் தோன்றும். "இதுகூடப் புரியலையா?" என்று மேலதிகாரிகள் கேட்பது பெரும்பாலும் இந்த எரிச்சல்தான்.

சாபத்துக்கு மன உறுதி மருந்தாகாது. கேட்பவரின் இடத்தில் தன்னை வைத்துக் கற்பனை செய்வதும் அவ்வளவாக உதவாது, ஏனென்றால் அந்தக் கற்பனையிலும் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். வெளியாள் ஒருவர் வேண்டும். விற்பனைப் பிரிவினரிடம் பேசப்போகும் பொறியாளர், கணக்குப் பிரிவில் உள்ள ஒருவரிடம் முதலில் சொல்லிக்காட்டிவிட்டு, "புரிந்ததா?" என்று கேட்காமல், "நீங்கள் என்ன புரிந்துகொண்டீர்கள், சொல்லுங்கள்" என்று கேட்க வேண்டும். முதல் கேள்விக்கு மரியாதை கருதி எல்லாரும் ஆமாம் என்பார்கள். இரண்டாவதில் உண்மை வெளிவரும்.

ஸ்லைடின் அடியில் புதைந்த வரி

பவர்பாயிண்ட் 1987-இல் வந்தது. ஃபோர்தாட் என்ற சிறு நிறுவனத்தில் ராபர்ட் காஸ்கின்ஸும் டென்னிஸ் ஆஸ்டினும் மெக்கின்டாஷ் கணினிக்காக உருவாக்கியது. அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தை 1.4 கோடி டாலருக்கு வாங்கியது. கண்ணாடித்தாளில் கையால் எழுதி விளக்கொளியில் காட்டிக்கொண்டிருந்த காலத்தில் அது பெரிய வசதி. வசதியோடு ஒரு வடிவமும் வந்தது: தலைப்பு, அதன் கீழ் புள்ளியிட்ட வரி, அதன் கீழ் இன்னும் சிறிய எழுத்தில் உள்வரி, அதற்கும் கீழே இன்னொன்று. எழுத்தின் அளவே செய்தியின் முக்கியத்துவத்தைத் தீர்மானிக்கத் தொடங்கியது.

2003 ஜனவரி 16-இல் கொலம்பியா விண்ணோடம் கிளம்பியபோது, 82-ஆவது விநாடியில், வெளித்தொட்டியின் நுரைப்பூச்சுத் துண்டு ஒன்று பெயர்ந்து இடது இறக்கையில் மோதியது. ஓடம் சுற்றுப்பாதையில் இருக்கும்போதே போயிங் பொறியாளர்கள் சேதத்தை மதிப்பிட்டு நாசாவுக்கு ஸ்லைடுகளாகத் தந்தார்கள். அவற்றில் ஒன்றின் தலைப்பு, சோதனைத் தரவுகளைப் பார்த்தால் கணிப்புமுறை சேதத்தைக் கூட்டித்தான் காட்டும் என்ற பொருளில் இருந்தது. அதாவது, கவலை வேண்டாம். அதே ஸ்லைடின் அடியில், மிகச்சிறிய எழுத்தில், நேரெதிர்ச் செய்தி கிடந்தது: சோதனைகளில் பயன்பட்ட நுரைத்துண்டு 3 கன அங்குலம், இங்கே மோதியது 1,920 கன அங்குலமாக இருக்கலாம். 640 மடங்கு. சோதனைத் தரவுகள் இந்த மோதலைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது என்பதே அதன் பொருள். 'குறிப்பிடத்தக்க' என்ற சொல் அந்த ஒரே ஸ்லைடில் ஐந்து முறை, வெவ்வேறு பொருளில் வந்தது.

பிப்ரவரி 1-இல், திரும்பும் வழியில், டெக்ஸஸ் வானத்தில் கொலம்பியா உடைந்தது. ஏழு பேரில் ஹரியானாவின் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லாவும் ஒருவர். விசாரணைக் குழு அந்த ஸ்லைடைத் தன் அறிக்கையிலேயே அச்சிட்டு, நாசாவில் தொழில்நுட்ப அறிக்கைகளின் இடத்தை ஸ்லைடுகள் பிடித்துக்கொண்டதைக் குறையாகச் சொன்னது.

ஸ்லைடைக் குற்றம் சொல்வது பாதி நியாயம். படம் காட்ட அதைவிட நல்ல கருவி இல்லை. காரணகாரியத்தை அடுக்கிச் சொல்ல வேண்டிய இடத்தில் அது தடுமாறுகிறது; புள்ளியிட்ட வரிகளுக்கு இடையே 'ஆகையால்', 'ஆனாலும்', 'அப்படியானால்' என்ற சொற்கள் காணாமல் போகின்றன. அமேசான் நிறுவனத்தில் ஜெஃப் பெசோஸ் 2004-இல் தன் உயர்நிலைக் கூட்டங்களில் பவர்பாயிண்டைத் தடை செய்தார். பதிலாக, முழு வாக்கியங்களில் எழுதிய ஆறு பக்கக் குறிப்பு. கூட்டம் தொடங்கியதும் எல்லாரும் மௌனமாக அதைப் படிப்பார்கள், பிறகுதான் பேச்சு. எழுதுகிறவருக்கு இது கடும் வேலை. முழு வாக்கியம் எழுதும்போது சிந்தனையின் ஓட்டைகள் முதலில் எழுதுகிறவர் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

எழுத்தை எங்கே வைப்பது, படத்தை எங்கே வைப்பது என்பதற்கு எளிய பிரிவினை உண்டு. பிறகு எடுத்துப் பார்க்க வேண்டியது தாளில். கூட்டமாகப் பார்க்க வேண்டிய வரைபடம் திரையில். தலைப்பு ஒரு முழு வாக்கியமாக, அந்தப் படம் நிறுவும் முடிவைச் சொல்வதாக இருக்க வேண்டும். 'மூன்றாம் காலாண்டு விற்பனை' என்பது தலைப்பல்ல, கோப்பின் பெயர். 'மூன்றாம் காலாண்டில் விற்பனை சரிந்தது, மதுரைக் கிளையில் மட்டும்' என்றால் பார்ப்பவருக்கு எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியும்.

உடல்மொழிக் கட்டுக்கதைகள்

பயிற்சி வகுப்புகளில் தவறாமல் சொல்லப்படும் ஒரு கணக்கு உண்டு: செய்தியில் 7 விழுக்காடு சொல், 38 விழுக்காடு குரல், 55 விழுக்காடு முகமும் உடலும். இது 1967-இல் ஆல்பர்ட் மெஹ்ராபியன் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளிலிருந்து பிடுங்கப்பட்டது. ஒற்றைச் சொற்களைப் பல தொனிகளில் ஒலிக்கவிட்டும் முகப்படங்களோடு இணைத்தும், பேசுகிறவருக்கு விருப்பமா வெறுப்பா என்று கேட்ட சோதனைகள் அவை. உணர்வைப் பற்றிய பேச்சுக்கு மட்டுமே இது பொருந்தும் என்று மெஹ்ராபியனே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். சொல்லின் பங்கு 7 விழுக்காடுதான் என்றால், தெலுங்கு தெரியாதவர் தெலுங்குச் சொற்பொழிவில் 93 விழுக்காட்டைப் புரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொன்று, இரண்டு நிமிடம் உடலைக் கம்பீரமான நிலையில் வைத்திருந்தால் ஹார்மோன்கள் மாறித் துணிச்சல் வரும் என்பது. 2010-இல் 42 பேரை வைத்துச் செய்த ஆய்வு அது; அதன் ஆசிரியர்களில் ஒருவரான ஏமி கடியின் 2012 உரையால் உலகப் புகழ் பெற்றது. 2015-இல் இவா ரானெஹில் குழு 200 பேரிடம் செய்து பார்த்தபோது ஹார்மோன் மாற்றம் எதுவும் கிடைக்கவில்லை. மறு ஆண்டு, மூல ஆய்வின் முதல் ஆசிரியர் டானா கார்னி, அந்த விளைவுகள் உண்மையென்று தான் இனி நம்பவில்லை என்று அறிவித்தார். பயிற்சி வகுப்புகளுக்கு அந்த அறிவிப்பு இன்னும் போய்ச் சேரவில்லை போலும்.

நடுக்கம்

பலர் முன் பேசும் பயம் வெறும் மனப்பிரமை அல்ல. ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1993-இல் மன அழுத்தத்தை ஆய்வகத்தில் உண்டாக்க ஒரு முறை வகுத்தார்கள். சலனமற்ற முகத்தோடு உட்கார்ந்திருக்கும் குழுவின் முன் வேலைக்கு விண்ணப்பிப்பது போல ஐந்து நிமிடம் பேச வேண்டும். பிறகு 1,022-இலிருந்து 13, 13 ஆகக் கழித்துக்கொண்டே வர வேண்டும், தவறினால் முதலிலிருந்து. கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் இரண்டு முதல் நான்கு மடங்கு ஏறியது. மனிதரை நம்பகமாகக் கலங்கவைக்க, அறிவியல் இன்றும் நாடும் முறை இதுதான்.

ஆனால் உள்ளே நடப்பது வெளியே அவ்வளவாகத் தெரிவதில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச் குழு, மாணவர்கள் அணியக் கூச்சப்படும் பாடகர் ஒருவரின் படம் போட்ட பனியனை மாட்டி ஓர் அறைக்குள் அனுப்பியது. ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று அவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கால்வாசிப் பேர்கூட இல்லை. கென்னத் சவிட்ஸ்கியும் கிலோவிச்சும் 2003-இல் இதைப் பேச்சுக்குப் பொருத்தினார்கள். நடுக்கம் கேட்பவருக்கு அவ்வளவாகத் தெரியாது என்ற உண்மையை முன்கூட்டியே விளக்கிச் சொல்லப்பட்டவர்கள், மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். தகவலே மருந்தாக வேலை செய்த அரிய சந்தர்ப்பம்.

பேசப்போகிறவரிடம் "அமைதியா இரு" என்று சொல்வது நல்லெண்ணம்தான், ஆனால் உதவாது. ஏறிய இதயத்துடிப்பை விருப்பப்படி இறக்க முடியாது. ஹார்வர்டின் அலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், தனக்குத்தானே "உற்சாகமாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்களின் பேச்சு, அமைதியாக இருப்பதாகச் சொல்லிக்கொண்டவர்களின் பேச்சைவிட நம்பவைப்பதாக மதிப்பிடப்பட்டது. உடல் அதே துடிப்பில் இருக்கிறது; அதற்கு வைக்கும் பெயர்தான் மாறுகிறது.

பழகப் பழகப் பயம் குறையும் என்பது உண்மை. பழகினாலே திறன் வளரும் என்பது அவ்வளவு உறுதியில்லை. ஒவ்வொரு முறைக்குப் பின்னும் எது பிசகியது என்று யாராவது சொல்ல வேண்டும், அடுத்த முறை அந்த ஒன்றைத் திருத்த வேண்டும். கைபேசியில் பதிவுசெய்து கேட்பது கசப்பானது, பயனுள்ளது.

மேலிருப்பவரின் காது

இதுவரை சொன்னதெல்லாம் பேசுகிறவருக்கானது. பதவி ஏற ஏற, பிறர் தன்னிடம் பேசும்படி இருப்பது பெரிய திறனாகிறது. இதை விலைகொடுத்துக் கற்ற துறை விமானப் போக்குவரத்து.

1977 மார்ச் 27. கேனரித் தீவுகளில் ஒன்றான டெனரீஃபின் சிறிய விமான நிலையம், கடும் மூடுபனி. ஓடுபாதையின் ஒரு முனையில் கேஎல்எம் நிறுவனத்தின் ஜம்போ விமானம். அதே பாதையில், பனிக்குள், பான் ஆம் ஜம்போ இன்னும் ஊர்ந்துகொண்டிருந்தது. கேஎல்எம் தலைமை விமானி அந்த நிறுவனத்தின் முதன்மைப் பயிற்சியாளர். அவர் முகத்தைத்தான் நிறுவனம் விளம்பரத்தில் போட்டிருந்தது. கிளம்பத் தயாராக நிற்கிறோம் என்றும் கிளம்பிக்கொண்டிருக்கிறோம் என்றும் இரண்டாகப் பொருள் தரும் ஒரு வாக்கியத்தைத் துணை விமானி வானொலியில் சொன்னார். கட்டுப்பாட்டாளர் முதல் பொருளை எடுத்துக்கொண்டார். விமானம் வேகம் பிடித்தபோது விமானப் பொறியாளர், மற்ற விமானம் பாதையிலிருந்து விலகிவிட்டதா என்று கேட்டார். விலகிவிட்டது என்று தலைமை விமானி அழுத்திச் சொன்னார். பொறியாளர் மேற்கொண்டு பேசவில்லை. 583 பேர் இறந்தார்கள். விமான வரலாற்றில் அதைவிடப் பெரிய விபத்து இல்லை. அதன்பின் 'டேக்-ஆஃப்' என்ற சொல்லை, கிளம்ப அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் தவிர வேறெங்கும் பயன்படுத்தக் கூடாது என்ற விதி வந்தது.

அடுத்த ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரருகே, சக்கரக் கோளாறை ஆராய்ந்தபடி சுமார் ஒரு மணிநேரம் வட்டமடித்த யுனைடெட் விமானம் எரிபொருள் தீர்ந்து விழுந்தது. எரிபொருள் குறைவதை விமானி அறையில் சொல்லாமல் இல்லை, உறைக்கும்படி சொல்லவில்லை. பத்துப் பேர் இறந்தார்கள். 1979-இல் நாசா இதற்காக ஒரு பட்டறை நடத்தியது. 1981-இல் யுனைடெட் தன் விமானிகளுக்குக் கூட்டுச் செயல்பாட்டுப் பயிற்சியைத் தொடங்கியது. கீழிருப்பவர் ஐயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், மேலிருப்பவர் அதை வரவேற்க வேண்டும் என்பதே அதன் சாரம். இன்று உலகெங்கும் விமானிகளுக்கு அது கட்டாயம்.

பணிவு எப்படிப் பொருளைக் கரைக்கிறது என்பதை ஊட்டே ஃபிஷர், ஜூடித் ஒரசானு ஆகியோர் ஆராய்ந்தார்கள். எதிரே புயல்மேகம் இருப்பதாக வைத்துக்கொண்டு என்ன சொல்வீர்கள் என்று கேட்டபோது, தலைமை விமானிகள் கட்டளையாகச் சொன்னார்கள்; துணை விமானிகள் குறிப்பாக உணர்த்தினார்கள். தமிழில் சொல்வதானால், ஒருவர் "வலப்பக்கம் திருப்புங்க" என்கிறார், மற்றவர் "மேகம் கொஞ்சம் கறுப்பா இருக்கு இல்லீங்களா சார்?" என்கிறார். தமிழ் அலுவலகங்களில் "சார், ஒரு சின்ன விஷயம்" என்று தொடங்குவது பெரும்பாலும் பெரிய விஷயமாகவே இருக்கும். அந்தத் தொடக்கத்தைக் கேட்டதும் கையில் இருப்பதைக் கீழே வைக்கும் மேலதிகாரி, பாதிப் பயிற்சியை முடித்துவிட்டார்.

ஏமி எட்மன்ட்சன் 1990-களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது எதிர்பாராத ஒன்றைக் கண்டார்: நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள குழுக்களில் மருந்துப் பிழைகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. பிழை அங்கே அதிகம் நடக்கவில்லை, மறைக்கப்படவில்லை என்பதே அவர் கண்ட விளக்கம். பிழை ஏதும் வராத அறிக்கை ஒன்று மேசைக்கு வந்தால், அது நல்ல செய்தியா, பயத்தின் அடையாளமா என்று தலைவர் யோசிக்க வேண்டியிருக்கிறது.

பேச வைப்பதற்கு வழிமுறைகளை வகுக்கவும் முடியும். உலகச் சுகாதார நிறுவனத்தின் அறுவைச்சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியல் 19 அம்சங்கள் கொண்டது. கத்தி வைப்பதற்கு முன் அறையில் உள்ள ஒவ்வொருவரும் தன் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. ஒருமுறை வாய்திறந்தவர் மறுமுறை திறப்பது எளிது. புது தில்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அதைப் பயன்படுத்தியபோது இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகக் குறைந்தது என்று 2009-இல் வெளியானது. 2014-இல் கனடாவின் ஒன்டாரியோவில் நூற்றுக்கு மேற்பட்ட மருத்துவமனைகளின் கணக்கைப் பார்த்தபோது அப்படிக் குறைவு எதுவும் தெரியவில்லை. ஏன் என்ற விவாதம் நடந்தது. பேசுவதற்காகச் செய்த பட்டியலை டிக் அடிக்கும் தாளாக மாற்றிவிடுவது கடினமல்ல.

கொலம்பியா விசாரணை அறிக்கையில் ஒரு மின்னஞ்சலின் படி இருக்கிறது. சுற்றுப்பாதையில் இருக்கும் ஓடத்தைப் படம்பிடித்துப் பார்க்க வேண்டும் என்று நாசா பொறியாளர் ஒருவர் வலுவான சொற்களில் எழுதியது அது. மேலிடத்துக்கு அவர் அதை அனுப்பவில்லை.

சேலஞ்சர் கூட்டத்தில் கருத்துக் கேட்காமலும் விட்டுவிடவில்லை. 1986 ஜனவரி 27 இரவு, தையோகாலின் மாற்றிய பரிந்துரை வாசிக்கப்பட்டதும், நாசா மேலாளர் ஸ்டான்லி ரைனார்ட்ஸ் இணைப்பில் இருந்த எல்லாரிடமும், இதில் யாருக்காவது மாற்றுக்கருத்து உண்டா என்று கேட்டார். மூன்று ஊர்களில் முப்பதுக்கும் மேற்பட்டோர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எவரும் எதுவும் சொல்லவில்லை.